சூப்பானை மறக்கடித்தல்: படிப்படியாகவா, ஒரே இரவிலா?

குழந்தைக்குச் சூப்பானை (ஆறுதலுக்காக வாயில் வைத்துச் சப்பும் செயற்கைக் காம்பு) எப்படி மறக்கடிப்பது என்று பேச்சு எழுந்தால் பெற்றோர் அநேகமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் குழந்தைக்கு நோகாது என்பது ஒரு கட்சி. எப்படியும் அழத்தான் போகிறது, ஒரே முறையாக நிறுத்திவிட்டால் அந்த அழுகை சில இரவுகளோடு ஓய்ந்துவிடும் என்பது இன்னொரு கட்சி. எங்கள் மகளுக்கு இரண்டரை வயது நெருங்கியபோது நானும் என் கணவரும் இந்தத் தேர்வைச் செய்தோம். பகல் நேரப் பழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தோம். இரவுப் பழக்கத்தை ஒரே இரவில் நிறுத்தினோம். இரண்டு வயதைத் தாண்டியும் சூப்பான் இல்லாமல் கண்ணயரத் தெரியாத குழந்தையைப் பற்றி இன்று யாராவது என்னிடம் கேட்டால், இரவைப் பொறுத்தவரை ஒரே முறையாக நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்ல வைப்பது நடு இரவு இரண்டு மணிக்கு வீட்டில் நடப்பவை. மற்றக் காரணங்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

நிறுத்த வேண்டுமா என்ற கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். முதல் ஆண்டில் சூப்பானுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. உறங்கும் நேரத்தில் அதைக் கொடுப்பது கைக்குழந்தைகளின் திடீர் உறக்க மரண அபாயம் குறைவதோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், தாய்ப்பால் குடிப்பது நன்றாக நிலைபெற்ற பிறகு உறக்க வேளையில் சூப்பான் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே பரிந்துரைக்கிறது. ஆகையால் ஒரு வயதுக்குள் இரவுச் சூப்பானைப் பறிக்க அவசரம் வேண்டாம். அதற்குப் பிறகு பயன் குறைந்து தொல்லை கூடுகிறது. பின்லாந்தில் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சூப்பான் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும்படி பெற்றோருக்கு ஆலோசனை தரப்பட்ட குழந்தைகளிடையே நடுக்காது அழற்சி 29 சதவீதம் குறைவாக இருந்தது. பல் மருத்துவர்களின் கவலை வேறு: மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் இடைவெளி விழுவது, மேல்தாடை குறுகிக் கடைவாய்ப் பற்கள் இடம் மாறிக் கடிப்பது ஆகிய இரண்டும் பழக்கம் நீளநீள வலுக்கின்றன. பழக்கம் நேரத்தோடு நின்றால் முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. கடைவாய்ப் பற்களின் கோளாறு அவ்வளவு எளிதில் சரியாவதில்லை. மூன்று வயதுக்குள் விட்டுவிடச் செய்வது நல்லது என்பதே பல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இரண்டு வயதிலேயே பேசத் தொடங்கினால், பதற்றமில்லாமல் நேரம் பார்த்துச் செய்யலாம்.

இந்த இரண்டு வழிகளுக்கு வெளியே இன்னும் இரண்டு உண்டு. தானாக விடும் என்று காத்திருப்பது ஒன்று. சில குழந்தைகள் உண்மையிலேயே தாமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் பகலில் விளையாட்டு மும்முரத்தில் எப்போதாவது கேட்கும் குழந்தையும், அது இல்லாவிட்டால் இரவு முழுவதும் தவிக்கும் குழந்தையும் ஒன்றல்ல. இரண்டாம் வகைக் குழந்தையிடம் காத்திருப்பதால் பழக்கம் முதிர்கிறதே தவிரத் தளர்வதில்லை. இன்னொரு வழி, சூப்பானின் நுனியை வெட்டியோ ஊசியால் துளையிட்டோ உறிஞ்சும் சுகம் கெடும்படி செய்வது. இதை நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். சூப்பானுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இ.என். 1400-இன்படி, ஒவ்வொரு முறை கொடுப்பதற்கு முன்பும் காம்பை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும், சிறு கீறல் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டும் என்றும் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. கீறல் விழுந்த காம்பு பல்லில் பட்டுத் துண்டாகி மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. அந்தக் கீறலை நாமே போட்டு, இருட்டறையில், கண் மூடி உறங்கும் குழந்தையின் வாயில் கொடுப்பதை எந்தச் சமாதானமும் நியாயப்படுத்தாது. கசப்புத் தடவுவதும் எனக்கு உவப்பானதன்று. ஆறுதலுக்காகக் கையில் எடுத்த பொருள் திடீரென்று நாக்கைத் தண்டித்தால், குழந்தை அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆக எஞ்சுவது இரண்டு. படிப்படியாகக் குறைப்பதன் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பகல் பொழுதில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. முதலில் வெளியே செல்லும்போது இல்லை, பிறகு விளையாடும்போது இல்லை, பிறகு கதை கேட்கும்போது இல்லை என்று ஒவ்வோர் இடமாகச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் "சூப்பான் கட்டிலை விட்டு இறங்காது" என்ற ஒற்றை விதியில் நிறுத்தினோம். வேண்டுமென்றால் கட்டிலுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது தலையணை மேல் வைத்துவிட்டு வர வேண்டும். முதலில் அடிக்கடி ஓடிப்போய்ப் படுத்தாள். கட்டிலில் சும்மா கிடப்பது அலுப்பான வேலை என்று விரைவிலேயே அவளுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து அறையில் பொம்மைகள் காத்திருக்கும்போது, வாயிலிருந்ததைத் தானே எடுத்துத் தலையணையின் ஓரத்தில் வைத்து, அது உருண்டு விழுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு வருவாள். அந்த விதியில் எங்கள் இருவருக்கும் வேலையே இல்லை; பறிப்பதும் மறுப்பதும் இல்லாமல் விதியே வேலை செய்தது. வாய் ஓய்ந்திருந்ததால் பேச்சும் கூடுதலாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வயதில் பேச்சு எப்படியும் பெருகுகிறது என்பதால் அதைச் சூப்பானின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை.

பகலில் இவ்வளவு நன்றாகச் செல்லும் முறை இரவில் ஏன் தடுமாறுகிறது? இங்கேதான் இரண்டு வழிகளும் உண்மையில் பிரிகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உறக்கம் ஒரே நீட்டாகச் செல்வதில்லை. பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால், சிறு குழந்தைகளுக்கு அந்தச் சுற்று இன்னும் குறுகியது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உறக்கம் மெலிந்து, எல்லாக் குழந்தைகளுமே லேசாக விழித்துப் புரண்டு மீண்டும் ஆழ்ந்துவிடுகிறார்கள். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. நள்ளிரவு தாண்டிய பிற்பகுதியில் மெல்லிய உறக்கமும் கனவுறக்கமும் மிகுதி. அந்த மெல்லிய விழிப்பில் குழந்தை, தான் கண்ணயர்ந்தபோது இருந்த நிலை இப்போதும் அப்படியே இருக்கிறதா என்பதை உடலால் சரிபார்த்துக்கொள்கிறது. இருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. இல்லையென்றால் முழுதாக விழித்து, இருந்ததைக் கேட்கிறது. வாயில் சூப்பானோடு கண்ணயரும் குழந்தைக்கு, தசைகள் தளர்ந்து அது வாயிலிருந்து நழுவியதும் அந்த நிலை மாறிவிடுகிறது. எங்கள் மகள் கண் திறப்பதற்கு முன்பே அவளது உதடுகள் காற்றை உறிஞ்சத் தொடங்கும். பிறகு ஒரு கை விரிப்பின் மேல் தடவித்தடவித் தேடும். தலையணையின் அடியில், கழுத்தின் பின்னால், கட்டில் கம்பியின் இடுக்கில் என்று போகும். கிடைத்தால் உறக்கம் தொடரும். கிடைக்காவிட்டால் சிணுங்கல், பிறகு அழுகை, பிறகு நாங்கள் எழுந்து கைப்பேசி வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் தேடுவது.

சூப்பானை விட்டால் தூக்கம் கெடுமே என்று அஞ்சும் பெற்றோர் அந்த அச்சத்தின் மறுபக்கத்தைக் கணக்கிட மறந்துவிடுகிறார்கள். சூப்பான் இருக்கும்போதே தூக்கம் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தேடிக் கொடுப்பதற்காக ஓர் இரவில் எத்தனை முறை எழுகிறோம், அப்படி எத்தனை மாதமாக எழுந்துகொண்டிருக்கிறோம் என்று கூட்டிப் பார்த்தால், நிறுத்தும்போது வரும் சில மோசமான இரவுகளின் எடை குறைந்து தெரியும். சூப்பானைத் தானே தேடி எடுத்து வைத்துக்கொள்ளத் தெரிந்து, பெற்றோரை எழுப்பாத குழந்தையாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டில் அவசரம் பல்லுக்காக மட்டும்தான்.

இப்போது படிப்படியான வழியை இந்த நள்ளிரவுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். கண்ணயரும்போது கொடுத்துவிட்டு, நடுவில் விழித்தால் மறுப்பது என்பது ஒரு படி. பலர் இதைத்தான் முதலில் முயல்கிறார்கள், கேட்கும்போது இதமாகவும் ஒலிக்கிறது. ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுவே மிகக் கடினமான ஏற்பாடு. உறங்கியபோது இருந்தது, விழித்தபோது இல்லை, கேட்டாலும் வராது என்றால், ஒவ்வொரு சுற்றின் முடிவும் ஓர் ஏமாற்றம். நாளை இரவு மீண்டும் அதே தொடக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது இன்னொரு படி. இன்று உண்டா இல்லையா என்பதை இரண்டு வயதுக் குழந்தையால் ஊகிக்க முடியாது என்பதால், ஒவ்வோர் இரவும் கேட்டுப் பார்ப்பதே அதற்கு அறிவான செயல். எப்போதும் கிடைக்கும் பலனைவிட, சில வேளைகளில் மட்டும் கிடைக்கும் பலன் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்கும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் காலத்திலிருந்தே நடத்தை உளவியலில் நிலைபெற்ற செய்தி. இருபது நிமிடம் அழுத பிறகு கொடுத்தால், இருபது நிமிடம் அழ வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம். நடு இரவில், அரைத்தூக்கத்தில், மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய இரண்டு பெரியவர்கள் "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லாமல் இருப்பது மிகக் கடினம். படிப்படியான வழியில் அந்த "இன்றைக்கு மட்டும்" எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியிலோ இழுப்பறையிலோ இருந்துகொண்டே இருக்கிறது. சூப்பான் வீட்டிலேயே இல்லை என்றால், இரண்டு மணிக்கு எடுப்பதற்கு ஒரு முடிவே இல்லை. ஒரே இரவில் நிறுத்துவதன் முழுச் சிறப்பும் இதுதான் என்று நான் நம்புகிறேன்: முடிவு பகல் வெளிச்சத்தில், தெளிவான மனதோடு, ஒரே ஒருமுறை எடுக்கப்படுகிறது.

இரவுக்குரிய படிப்படியான வழிகளில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. குழந்தை கண் சொக்கி, உறிஞ்சல் மெதுவாகும்போது, முழுதாக உறங்குவதற்குச் சற்று முன்பு சூப்பானை மெல்ல விலக்குவது. மீண்டும் தேடினால் கொடுத்து, மீண்டும் விலக்குவது. இதில் கண்ணயரும் கடைசிக் கணம் சூப்பான் இல்லாமல் நிகழ்கிறது என்பதால், மேலே சொன்ன தர்க்கத்தோடு இது பொருந்திப்போகிறது. பொறுமையான கைகளும் இளவயதுக் குழந்தையும் இருந்தால் பலன் தரும் என்பதை நம்ப முடிகிறது. எங்கள் மகளிடம் இது செல்லவில்லை. விலக்கிய நொடியே கண் விழித்துப் பார்ப்பாள். விரலைக் காம்பின் அருகே கொண்டுபோனாலே தாடையை இறுக்கிக்கொள்ளும் வயது அது. கைக்குழந்தையிடம் இதை நாங்கள் முயன்றதில்லை என்பதால், ஒன்றரை வயதுக்குக் கீழே எது மேல் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

ஒரே இரவில் நிறுத்துவது என்றால் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் பறித்துவிடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த இரவுக்கு முந்தைய நாட்களில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. பகல் பழக்கம் ஏற்கெனவே கட்டிலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். சூப்பானின் இடத்தை நிரப்பப் போகும் பொருள், எங்கள் வீட்டில் அது ஒரு சிறு மென்துணி முயல், சூப்பானோடு சேர்ந்தே பல நாட்கள் படுத்திருக்க வேண்டும். அன்று இரவுதான் முதன்முதலாக அறிமுகமாகும் பொம்மை, இழப்புக்கு ஈடாக நீட்டப்படும் லஞ்சம்போலத் தோன்றி விட்டெறியப்படும். ஏற்கெனவே பழகிய வாசனையுள்ள பொம்மை அணைத்துக்கொள்ளப்படும். இத்தகைய பொருள்கள் தாயின் அருகாமைக்கும் தனித்திருத்தலுக்கும் நடுவே குழந்தைக்குப் பாலமாகின்றன என்று குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950-களின் தொடக்கத்திலேயே எழுதினார். ஒரு வயதுக்குள் கட்டிலில் மென்பொருள்கள் எதுவும் கூடாது என்பதால், இதுவும் ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கே பொருந்தும்.

குழந்தையிடம் என்ன சொல்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேவதை எடுத்துப்போயிற்று, வேறொரு குட்டிப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்றெல்லாம் கதை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில குழந்தைகளிடம் அது அழகாகவே வேலை செய்கிறது. நாங்கள் உண்மையைச் சொன்னோம். இன்னும் சில நாட்களில் சூப்பான் இருக்காது, முயல் இருக்கும், அம்மாவும் அப்பாவும் இருப்போம் என்று, இரண்டு மூன்று நாட்களாக, பகலில், சாதாரணக் குரலில் சொல்லிவைத்தோம். வாரக்கணக்கில் முன்கூட்டிச் சொல்வது அந்த வயதுக்குப் புரியாது. கவலையை மட்டுமே நீட்டும். "நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய்" என்ற வாசகத்தையும் தவிர்த்தோம். பெரிய பிள்ளை அழக் கூடாது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவளுக்கு அழுவதற்கான உரிமை அந்த வாரம் முழுவதும் தேவைப்பட்டது.

நாள் தேர்வும் முக்கியம். புதிய கட்டில், கழிப்பறைப் பழக்கம், புதிய காப்பகம், தம்பி தங்கையின் வருகை, பயணம், காய்ச்சல் ஆகிய எவற்றோடும் இது சேரக் கூடாது. குறிப்பிட்ட அந்த நாளில் படுக்கைக்குச் செல்லும் வழக்கமான வரிசையில் எதையும் மாற்றாமல், அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கினோம். களைத்துப்போன குழந்தை எளிதில் உறங்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை; அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் பரபரப்பாகி உறக்கத்தோடு சண்டை போடுகிறது.

முதல் இரவு நீண்டது. எங்கள் மகள் முயலின் காதைப் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள், பிறகு தள்ளிவிட்டாள், பிறகு எழுந்து நின்று, "சூப்பா எங்கம்மா?" என்றாள். "சூப்பா இல்லடா தங்கம். அம்மா இங்கதான் இருக்கேன், படுத்துக்கோ" என்று நான் சொன்னேன். அதே சொற்களையே அந்த இரவு முழுவதும் சொன்னேன். மாற்றிச் சொன்னால் பேச்சுவார்த்தைக்கு இடமிருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. முதுகைத் தட்டிக்கொடுப்பதும் அதே தாளத்தில். அவள் தேம்பித்தேம்பிக் கண்ணயர்ந்தது எப்போது என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதே நல்லது. தனியே விட்டு அழவிடுவது எங்களுக்கு முடியாத காரியம். சூப்பானைத்தான் எடுத்தோமே தவிர எங்களையும் சேர்த்து எடுக்கவில்லை. முதல் இரவுகளில் கட்டிலின் ஓரத்தில் அவள்மேல் கை வைத்து உட்கார்ந்தோம், பிறகு கை இல்லாமல், பிறகு நாற்காலியைச் சற்றுத் தள்ளி, கடைசியாகக் கதவருகே. படிப்படியாகக் குறைப்பவர்களின் வாதத்தில் உள்ள கனிவை நான் மதிக்கிறேன். அந்தக் கனிவைச் சூப்பானில் காட்டாமல் எங்கள் அருகாமையில் காட்டினோம். பொருளை ஒரேயடியாக நிறுத்தி, ஆளை மெல்லமெல்ல விலக்குவது குழந்தைக்குத் தெளிவாக இருக்கிறது. பொருள் இருக்கிறதா இல்லையா என்பதில் குழப்பமில்லை. ஆள் வருவாரா என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை மிகத் தேவை. அழுகையை நிறுத்துவதற்காக நள்ளிரவில் புதிதாக எதையும் தொடங்கிவிடக் கூடாது. பால் புட்டி, கைப்பேசியில் படம், தோளில் போட்டுக்கொண்டு அறை முழுவதும் நடப்பது என எதுவாயினும் இரண்டு மூன்று இரவுகளில் அதுவே அடுத்த சூப்பானாகிவிடும். பால் புட்டிக்கு இன்னொரு கேடும் உண்டு: உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்திருக்கும்போது பாலின் சர்க்கரை பல்லில் தங்கிச் சொத்தையாக்கும். பல்லைக் காக்கச் சூப்பானை நிறுத்திவிட்டு, அதே பல்லைப் பாலில் ஊறவிடுவது பொருளற்றது. தாகம் என்றால் ஒரு வாய் தண்ணீர் போதும்.

சில இரவுகளில் நிலைமை சீராகி, பெருமூச்சு விடும் நேரத்தில் மீண்டும் ஓர் இரவு முதல் இரவைப் போலவே வரும். எல்லாம் வீணாயிற்று என்று பலரும் கைவிடுவது அந்த இரவில்தான். மறையும் பழக்கம் மறைவதற்கு முன் ஒருமுறை உக்கிரமாவதும், மறைந்த பிறகும் எப்போதாவது தலைகாட்டுவதும் இயல்பு. கொடுக்காமல் கடந்துவிட்டால் அது மீண்டும் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. எல்லாக் குழந்தைகளும் ஒரே காலக்கெடுவில் பழகிவிடுவார்கள் என்று உறுதி தர மாட்டேன்; ஒரு வாரத்தில் பழகும் குழந்தையும் உண்டு, அதைவிட அதிக காலம் எடுக்கும் குழந்தையும் உண்டு.

பகல் தூக்கம் வேறு கதை. இரவில் உறக்க அழுத்தம், அதாவது விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்கத் தேவை, வலுவாக இருப்பதால் உடலே குழந்தையைத் தூங்கவைத்துவிடுகிறது; பகலில் அந்த அழுத்தம் குறைவு. அதனால் சூப்பானை நிறுத்திய உடன் முதலில் ஆட்டம் காண்பது பகல் தூக்கமாகவே இருக்கும். பகல் தூக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எங்களுக்கும் வந்தது. ஒரே கட்டிலில் பகலுக்கு ஒரு சட்டம், இரவுக்கு ஒரு சட்டம் என்றால் மேலே சொன்ன "எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது" என்ற குழப்பமே பின்வாசல் வழியாக உள்ளே வரும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே நிறுத்தினோம். அவள் தூங்காத நாட்களில், வெளிச்சம் குறைத்த அறையில் அதே நேரத்தில் படுத்துப் புத்தகம் பார்க்கவிட்டு, அன்றிரவு சீக்கிரமே படுக்கவைத்தோம். ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பகலில் இழந்ததை இரவின் தொடக்கத்தில் கொஞ்சமாவது ஈடுகட்டிவிட்டால் அந்த அளவிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை. இரண்டரை வயதில் சில வாரங்கள் பகல் தூக்கம் தடுமாறினாலும், குழந்தை பகல் தூக்கத்தையே விட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டி அந்த நேரத்தை எடுத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது திரும்பி வருகிறது.

பெரியவர்களின் தூக்கத்துக்கும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு விழிப்புக்கும் "இப்போது உன் முறை, என் முறை" என்று மாற்றிக்கொண்டால் இருவருமே தூங்க முடியாது. இரவை இரண்டாக வெட்டிக்கொண்டோம்; நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வரை ஒருவர், பிறகு மற்றவர். முறையில்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார். தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் உறங்கியவர் மறுநாள் பொறுமையோடு இருக்கிறார். பொறுமை இருந்தால்தான் மறு இரவும் விதி நிற்கும். தனியாகக் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அந்த முதல் சில இரவுகளுக்காவது நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாதென்றால், கண் சொக்கும்போது சூப்பானை விலக்கும் அந்த மெதுவான வழியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இரண்டில் எது அறிவியல்படி மேல் என்று கேட்டால், தீர்ப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. குழந்தைகளின் படுக்கை நேரப் பிடிவாதத்தையும் இரவு விழிப்பையும் சீர்செய்யும் நடத்தைவழி முறைகளைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு மறுஆய்வு 52 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. ஒரேயடியாக நிறுத்தும் முறைகளும் படிப்படியான முறைகளும் அவற்றில் இருந்தன. 94 சதவீத ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. சூப்பானை மட்டுமே குறித்த ஆய்வு அன்று அது என்றாலும், இரண்டு பாதையிலும் ஊர் போய்ச் சேரலாம் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆகையால் கனிவு எதில் அதிகம் என்று அளப்பதைவிட, உங்கள் வீட்டில் எதை விதிவிலக்கு இல்லாமல் கடைப்பிடிக்க முடியும் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். எங்களால் படிப்படியான இரவு விதியைக் காப்பாற்ற முடிந்திராது. மாறாக, காப்பகத்தில் ஏற்கெனவே சூப்பான் இல்லாமல் உறங்கப் பழகிய குழந்தை, பெற்றோரைப் பிரிய அஞ்சும் பருவத்தின் உச்சத்தில் இருக்கும் குழந்தை, நீண்ட சிகிச்சையிலோ வளர்ச்சிச் சிக்கலிலோ இருந்து சூப்பானை முதன்மையான ஆறுதலாகக் கொண்டிருக்கும் குழந்தை ஆகியோருக்கு மெதுவான வழியே பொருந்தலாம். கடைசி வகையில் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கட்டைவிரலைப் பற்றிய அச்சம் எங்களுக்கும் இருந்தது. சூப்பானை எடுத்தால் விரல் வாய்க்குப் போய்விடும், விரலை வெட்டி எறிய முடியாதே என்பார்கள். சில குழந்தைகள் அப்படி மாறுவது உண்மை. எங்கள் மகள் சில நாட்கள் முயலின் காதைச் சப்பினாள், விரலைத் தொடவில்லை. பகல் பழக்கம் முன்பே குறைந்திருந்தது இதற்கு உதவியது என்று நினைக்கிறேன்.

நிறுத்துவதென்று முடிவான நாளில், வீட்டிலுள்ள எல்லாச் சூப்பான்களையும் தேடி எடுத்துவிட வேண்டும். கைப்பையின் உள்ளறை, காரின் இருக்கையிடுக்கு, குளியலறை அலமாரி, பாட்டி வீட்டு மேசை இழுப்பறை என்று அவை எங்கெங்கோ கிடக்கும். பாட்டி தாத்தாவிடமும் காப்பகத்திலும் அன்றே சொல்லிவிட வேண்டும். பேத்தியின் அழுகை பொறுக்காமல் பாட்டி ஒருமுறை கொடுத்துவிட்டால், அந்த ஒருமுறையை மறக்கடிக்க மீண்டும் பல இரவுகள் பிடிக்கும். சளி காய்ச்சல் வரும்போது குழந்தை மீண்டும் கேட்கும். அப்போதும் கூடுதலாக மடியில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம், குணமானதும் நாற்காலியை மீண்டும் கதவருகே நகர்த்தலாம். சில வாரங்கள் கடந்தும் விழிப்பு குறையாமல், கூடவே சத்தமான குறட்டை, வாயால் மூச்சு விடுதல், உறக்கத்தில் மூச்சுத் திணறுவதுபோன்ற இடைவெளி, காதைப் பிடித்துக்கொண்டு அழுதல் ஆகியவை தெரிந்தால், அதைச் சூப்பானின் ஏக்கம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு திசுவின் வீக்கமோ காது அழற்சியோ இருக்கக்கூடும். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.